லாரிக்கு எப்.சி. தேதி உண்டு... விமானத்துக்கு ஏன் இல்லை?

எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். எப்.சி. எந்தத் தேதி வரை என்று வண்டியிலேயே பெயிண்டால் எழுதியிருக்கும். ராயபுரம் ஸ்டேஷனில் நிற்கும் ரயில் பெட்டியின் முனையைப் பாருங்கள். எந்த வருடம் கட்டியது, பட்டறையில் பிரித்துப் பார்த்தது எப்போது, மறுபடி எப்போது போக வேண்டும், எல்லாம் அங்கே இருக்கும்.

முன்னூறு பேரை ஏற்றிக்கொண்டு 35 ஆயிரம் அடி உயரத்தில் பறக்கிறதே பெரிய ஜெட் விமானம், அதற்கு மட்டும் இது கிடையாது. டிக்கெட்டிலும் இல்லை, பயணி ஏறும் கதவிலும் இல்லை. ஏன்?

இது பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். திருவொற்றியூர் வெல்டரும் எர்ணாவூர் பிட்டரும் வளைகுடாவுக்குப் பறக்கிறார்கள். கப்பல் வேலைக்குப் போகிறவர், கப்பல் எந்த நாட்டில் நிற்கிறதோ அங்கே பறந்து போய்த்தான் ஏறுகிறார். வீட்டு நகையை சேட்டு கடையில் வைத்து எடுத்த டிக்கெட்டும் அதில் உண்டு.

2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 உயிர் போயிற்று. "பழைய பிளேன்ப்பா, அதான் விழுந்துடுச்சு" என்று மறுநாளே டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அந்த போயிங் 787 ஏர் இந்தியாவுக்கு வந்தது 2014 ஜனவரியில். பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. இந்த ரகத்துக்கு அது நடு வயதுதான். இரண்டு என்ஜினுக்கும் எரிபொருள் விடும் சுவிட்சுகள் அடுத்தடுத்து 'கட்' நிலைக்குப் போயின என்றது ஜூலையில் வந்த முதல் கட்ட அறிக்கை. வயதை அது குற்றம் சொல்லவில்லை.

ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ 'எம்பரர் அசோகா' 1971-ல் வந்தது. 1978 புத்தாண்டு தினத்தன்று பாந்த்ரா கடலில் விழுந்து 213 பேர் மாண்டார்கள். அதற்கு ஏழு வயதுகூட நிறையவில்லை!

அப்படியானால் வயதே பெரிதில்லையா? பெரிதுதான். ஆனால் விமானத்தின் வயதை காலண்டரை வைத்து மட்டும் எண்ணக் கூடாது. ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே காற்றை அடைத்து அழுத்தம் கொடுக்கிறார்கள். உடம்பு கொஞ்சம் உப்பும். இறங்கும்போது சுருங்கும். கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திப் பாருங்கள், ஒரு நாள் பட்டென்று போகும். நியூயார்க்குக்கு ஒரே மூச்சில் 15 மணி நேரம் பறக்கும் பெரிய விமானத்துக்கு அது ஒரே ஒரு வளைப்பு. பக்கத்து ஊருக்கு நாள் முழுக்க ஏறி இறங்கும் சின்ன விமானம் சீக்கிரம் கிழடாகும்.

1988-ல் ஹவாய் தீவில் ஒரு சின்ன போயிங் 737-க்கு நடுவானில் கூரை பிய்ந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். வயது 19. ஆனால் பறந்தது 89 ஆயிரம் தடவைக்கு மேல், அதுவும் கடல் காற்றில். உப்புக் காற்று உலோகத்தை என்ன பாடுபடுத்தும் என்று காசிமேட்டுக்காரருக்கு நாம் சொல்லித் தர வேண்டுமா?

அதைவிடக் கொடுமை ஜப்பானில் நடந்தது. 1978-ல் ஒசாகாவில் இறங்கும்போது ஒரு ஜம்போவின் வால் தரையில் உரசியது. பின்பக்கத் தடுப்பைப் பழுது பார்த்தார்கள். இரண்டு வரிசை ரிவிட் தாங்க வேண்டிய இடத்தில், தகட்டைத் தப்பாக வைத்ததால் ஒரு வரிசைதான் தாங்கியது. ஏழு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 1985 ஆகஸ்ட் 12-ல் அது பிளந்தது. 520 பேர் பலி. ஒரே விமான விபத்தில் இத்தனை பேர் செத்தது வேறு கிடையாது. விமானத்தின் வயதோ பதினொன்று.

ஆக, 'எந்த வருட மாடல்' என்பது பாதிக் கேள்விதான். 'கடைசியாக முழுசாகப் பிரித்துப் பார்த்தது எப்போது, எங்கே' என்பது மீதிப் பாதி.

பயணிகள் விமானத்தை சாதாரணமாக 20, 25 வருடம் ஓட்டுகிறார்கள். பிறகு சிலவற்றை சரக்கு ஏற்ற மாற்றி இன்னும் பத்து வருடம் இழுப்பார்கள். நிறுத்துவது பறக்க முடியாமல் அல்ல, கட்டுப்படி ஆகாமல்தான். சீட்டு, தரை, சுவர் எல்லாம் கழற்றிச் செய்யும் பெரிய சோதனைக்குக் கோடி கோடியாக ஆகும். நாலு என்ஜின் குடிக்கும் எரிபொருள் வேறு. ஏர் இந்தியாவின் கடைசி ஜம்போ 2024 ஏப்ரலில் மும்பையை விட்டுப் போனது அந்தக் கணக்கில்தான். நம்ம புதுப்பேட்டை மாதிரி விமானத்துக்கும் அமெரிக்கப் பாலைவனத்தில் புதுப்பேட்டைகள் உண்டு!

2022-ல் டாட்டா கைக்கு வந்த ஏர் இந்தியா, மறு வருடமே 470 விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தது. அதில் 70 பெரிய ரகம். பழைய பெரிய விமானங்களுக்குப் புது சீட்டு போட 40 கோடி டாலர் என்றும் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் லாரிக்குப் புது சீட்டு தைத்தால் என்ஜின் புதுசாகிவிடுமா? ஆர்டர் கொடுத்ததில் பத்து, போயிங் 777-9 ரகம். அதன் முதல் டெலிவரியே 2027-க்குத் தள்ளிப் போய்விட்டது. அதுவரை பழசுதான் பாரம் சுமக்க வேண்டும்.

சுமக்கட்டும், நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதியைக் காட்டு என்கிறோம். பதிவு எண் தெரிந்தால் செல்போனில் வயதைப் பார்த்துவிடலாம், உண்மைதான். பெரிய சோதனை நடந்த தேதியை எந்த செல்போன் காட்டும்? அது கம்பெனி பைலிலும் டெல்லி டி.ஜி.சி.ஏ. ஆபீசிலும் தூங்குகிறது.

ஜனங்கள் பயந்துவிடுவார்களாம்! எப்.சி. தேதியைப் பார்த்து லாரிக்குப் பயந்து ஓடினவர் உண்டா? மறைத்தால்தான் டீக்கடையில் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

கடைசி நேரத்தில் விமானம் மாறும், டிக்கெட்டில் எப்படி அச்சடிப்பது என்றும் கேட்பார்கள். நியாயம்தான். டிக்கெட்டில் வேண்டாம். ஏறுகிற கதவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு டப்பா பெயிண்ட் என்ன விலை விற்கிறது?