அடங்கிப் போவது சம்மதம் ஆகாது

தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்துவிட்டால், "எவன் செஞ்சான்?" என்று முதலில் கேட்பவர்கள் குறைவு. "அது ஏன் கத்தல?" என்றுதான் கேட்கிறார்கள். அடுத்தது, "இத்தனை நாளு சும்மா இருந்துட்டு இப்ப என்ன?" அதோடு தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது: "இஷ்டப்பட்டுத்தான் போயிருக்கும்."

இஷ்டம் என்பதற்குச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. பாட்டாளி மக்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டம், 1860-ல் இந்தியாவுக்கு வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தின் வழியில் வந்தது. அதில் 375-ஆவது பிரிவு வல்லுறவு பற்றியது. (கற்பழிப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல் பழியைப் பெண் தலையில் கட்டுகிறது. வல்லுறவு என்பதே சரி.) பெண்ணின் விருப்பத்துக்கு மாறாகவோ, சம்மதம் இல்லாமலோ உறவு கொள்வது குற்றம். அவள் "சரி" என்று சொல்லியிருந்தாலும், அவளையோ வேறு யாரையுமோ கொன்றுவிடுவேன், அடித்துவிடுவேன் என்று மிரட்டி வாங்கிய "சரி" செல்லாது. "புள்ளைய வெட்டிடுவேன்" என்றதும் அடங்கிப் போன தாய் சம்மதித்தவள் அல்ல. என்ன நடக்கிறது என்றே புரியாத நிலையில் இருந்தவள் தலையாட்டியதும் சம்மதம் அல்ல.

கத்தியைக் காட்டினால் சரி, செக்ரோலைக் காட்டினால்? "நாளைக்குப் பேர் போட மாட்டேன்" என்று சொன்னால்? நம் பெண்களுக்கு அதிகம் வந்த மிரட்டல் இதுதான்.

1941-ல் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர்.எச். நாதனும் முன் நின்றார்கள். சம்பளம் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், துரைமார் எதிரில் சைக்கிளில் போகும் உரிமை கேட்டார்கள். அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. வெள்ளைத் துரைமாரும் கறுப்புத் துரைமாரும் எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றார்கள். கூலி என்று அழைக்கப்பட்டவர்கள், மானத்தைச் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே எழுதிக் கொடுத்தார்கள். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது; தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்தக் கோரிக்கை சட்டப் புத்தகத்தில் ஏற 2007 வரை ஆனது. அந்த ஆண்டுத் திருத்தம்தான், தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியோ, நம்பி வந்த உறவைப் பயன்படுத்தியோ வாங்கிய சம்மதமும் வல்லுறவே என்று எழுதியது. மண்டோர், கிராணி, மேனேஜர், குத்தகைக்காரன், வைத்தியம் பார்ப்பவன் எல்லாரும் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும். வல்லுறவுக்கு 20 வருஷம் வரை சிறை, பிரம்படியும் விழலாம். அதிகாரத்தைக் காட்டிச் செய்தால் 30 வருஷம் வரை.

பதினாறு வயது ஆகாத பெண் பிள்ளை விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. "அதுவாத்தான் வந்துச்சு" என்பது வழக்குமன்றத்தில் எடுபடாது. 2017-ல் வந்த தனிச்சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும், ஆண்பிள்ளைகளையும் சேர்த்தே, காக்கிறது.

ஒரு குறை இருக்கிறது. கட்டிய மனைவியிடம் கணவன் நடந்துகொள்வதை 375-ஆவது பிரிவு வல்லுறவாகக் கொள்ளவில்லை. அடித்தோ, அடிப்பேன் என்று பயமுறுத்தியோ வற்புறுத்தினால் மட்டும் 375ஏ பிரிவில் ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. தாலி கட்டிவிட்டால் பெண்ணின் வாய்க்கும் பூட்டு போட்டாச்சா? இது மாற வேண்டும் என்பது நம் கருத்து.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். செய்தவன் சில சமயம் நம்ம ஆளாகவே இருக்கிறான். சந்தா கட்டுபவன், கோயில் கமிட்டியில் இருப்பவன். உடனே கோயில் வாசலில் பஞ்சாயத்து. "ஐயாயிரம் குடுத்துடு", இல்லாவிட்டால் "அவனுக்கே கட்டி வெச்சிடலாம்." செய்தவனுக்கே பெண்ணைக் கொடுப்பது என்ன நியாயம், பெரியவர்களே? இது அரசு நடத்தும் வழக்கு. கோயில் பஞ்சாயத்தில் கை குலுக்கினால் குற்றம் அழியாது. அவன் சங்கத்து ஆள் என்பதற்காகச் சங்கம் அவனுக்கு வக்காலத்து வாங்கக் கூடாது.

நடந்துவிட்டால், தாய்மார்களே, பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள், அதுதான் சாட்சி. துணியைக் காகிதப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். கிள்ளான் பக்கம் என்றால் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி. போலீசில் புகார் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வைத்தியம் முதலில். நாள் கடந்துவிட்டாலும் புகார் கொடுக்கலாம். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

கை படாத தொந்தரவும் உண்டு: ஆபாசப் பேச்சு, சைகை. அதற்கு 509-ஆவது பிரிவு இருக்கிறது. வேலை இடத்தில் நடந்த பாலியல் தொல்லை பற்றிப் புகார் வந்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து இதுபற்றிய அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும்படி வேலை இடத்தில் ஒட்டி வைப்பதும் அவர் கடமை. நாளைக் காலைப் பெரட்டுக்குப் போகும்போது ஆபீஸ் சுவரைப் பாருங்கள். அறிவிப்பு இல்லையென்றால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள், நாம் கேட்கிறோம்.