தாய் என்று ஒரு மண்

ஜெர்மன் மொழியில் 'முட்டர்போடன்' என்று ஒரு கூட்டுச் சொல் உண்டு. முட்டர் என்றால் தாய். போடன் என்றால் மண், தரை. நம்மவர்கள் கேட்டால் 'தாய்மண்' என்று மொழிபெயர்த்து, பிறந்த நாடு என்று பொருள் கொள்வார்கள். ஜெர்மன்காரருக்கோ அது பயிரின் வேர் ஓடுகிற, மக்கு நிறைந்த, கறுத்த மேல்மண். பிறந்த நாட்டை அவர்கள் 'ஃபாட்டர்லாண்ட்' என்பார்கள். தந்தையின் நாடு!

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மேல்மண்ணைப் பிரெஞ்சில் 'தேர் வெஜெத்தால்' என்போம், செடிகொடிக்கான மண் என்று பொருள். ஆங்கில 'டாப்சாயில்' மண் இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. உறவு சொல்லி அழைப்பது ஜெர்மன் சொல்தான்.

போடனுக்கும் சொந்தபந்தம் உண்டு. ஆங்கில 'பாட்டம்', லத்தீன் 'ஃபுந்துஸ்', அதிலிருந்து வந்த பிரெஞ்சு 'ஃபோன்' (தொலைபேசி அல்ல!), வடமொழி 'புத்ன' எல்லாம் ஒரே வேரில் வந்தவை. அடி என்பது பொருள். அடி என்ற சொல் மேல்மண்ணுக்குப் பெயரானது வேடிக்கைதான். ஆனால் மேலே நிற்பவனுக்கு அதுதானே அடி?

1930-களில் நாஜிகள் இதே போடனை இரத்தத்தோடு சேர்த்து முழக்கமாக்கினார்கள். அந்த முழக்கம் பிறர் மண்ணைப் பறிக்கத்தான் உதவியது. முட்டர்போடனோ சத்தமில்லாமல் கட்டடச் சட்டத்தில் இடம் பிடித்தது. அதன் 202-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்: கட்டடத்துக்காகத் தோண்டி எடுக்கும் முட்டர்போடனைப் பயன்படும் நிலையில் காக்க வேண்டும், அழியவோ வீணாகவோ விடக்கூடாது. அதனால் அங்கே மேல்மண்ணைத் தனியாக வழித்து, அடிமண்ணோடு கலக்காமல் குவித்து வைக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், இது வீண் கண்டிப்பு அல்ல.

மண் அறிவியலார் இப்போது 'ஓபர்போடன்', அதாவது மேல்மண், என்றே எழுதுகிறார்கள். அறிவியலுக்கு அது போதும். சட்டத்தில் பழைய சொல்லே இருக்கட்டும் என்பது என் கட்சி. கோப்புகளோடு காலம் தள்ளிய குமாஸ்தாவுக்கு ஒன்று தெரியும்: காகிதத்தில் எழுதிய பெயர்தான் பொருளின் கதியைத் தீர்மானிக்கும். 'தோண்டிய மண்' என்று எழுதினால் லாரியில் ஏறிப் போய்விடும். 'தாய்' என்று எழுதிவிட்டால், குப்பையில் கொட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட யாருக்கும் கை கொஞ்சம் கூசும்.