மணலில் எழுதிய விரல்

1789-இல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தவர், தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இந்தச் சட்டாம்பிள்ளை முறை 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

பெல் பார்த்தது போன்ற திண்ணைப் பள்ளியில் பிரம்பும் இருந்தது, சாதியும் இருந்தது. பழம்பெருமை பேச வேண்டாம். ஆனால் அங்கே ஒருவன் மணலில் அகரம் எழுதும்போது பக்கத்திலிருப்பவன் எண்சுவடி ஒப்பிப்பான். எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்ற கட்டாயம் பின்னால் வந்தது. அந்த ஓட்டத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர். பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கோ பள்ளியே கிடையாது. 1890-களில் பாளையங்கோட்டையில் அவர்களுக்கு, ஆஸ்க்வித், ஸ்வெய்ன்சன் என்ற இரு மிஷனரிப் பெண்களின் முயற்சியால், தனித்தனிப் பள்ளிகள் வந்தன.

ரோமில் மரியா மாண்டிசோரியும் இப்படி ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம்தான் பாடம் கற்றார். 1900-இல் அவர் பொறுப்பேற்ற நிறுவனத்தின் வேலையே அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஆசிரியர்களைத் தயார்செய்வதுதான். அந்தக் குழந்தைகளுக்குக் கைகொடுத்த கருவிகளை 1907-இல் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பின் சாதாரணப் பிள்ளைகளிடம் கொடுத்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை இரண்டு விரலால் தடவிப் பார்க்கும். பென்சில் பிடிக்கும் முன்பே எழுத்தின் வளைவு கைக்கு வந்துவிடும். 1939-இல் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தபோது, மணல் மறுபடி விரலுக்கே திரும்பியது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் இந்த வழிதான். பாய் விரித்த வகுப்பறை, தரையோடு ஒட்டிய கரும்பலகை, சுவரில் ஏணிப்படி அட்டவணை. எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துக் குழந்தை தானே தன் அட்டையை எடுத்துக்கொள்ளும். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' அதே நினைப்பை அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. ஆக, முறைக்கு நம்மிடம் ஒருநாளும் பஞ்சமில்லை.

பஞ்சம் பயிற்சியில். சிறப்புக் கல்வி ஆசிரியரின் பயிற்சிக்குப் பொறுப்பு இந்திய மறுவாழ்வு மன்றம். அதன் சட்டம் 1992. மற்ற ஆசிரியருக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதன் சட்டம் 1993. ஓராண்டு இடைவெளியில் இரண்டு வாசல் வைத்துவிட்டார்கள். பி.எட்., எம்.எட். இரண்டும் அன்றிலிருந்து இரு வீட்டுச் சமையல். பொது பி.எட். மாணவருக்கு எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய பள்ளி பற்றிக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் ஒதுக்கியது அரைப் பாடம். சிறப்புப் பயிற்றுநரோ வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய்வருகிறார். அவர் வராத நாளிலும் சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை வகுப்பில்தான் இருக்கிறது, அதற்கான பயிற்சி பெறாத ஆசிரியரின் முன்னால். அந்த ஆசிரியரைக் குறை சொல்வது எளிது. எழும்பூர் உதவி ஆசிரியர்களையும் அப்படித்தான் சொல்லலாம். அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

மாற்றுத்திறன் வகைகளை 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7-லிருந்து 21-ஆக உயர்த்தியது. தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கணக்குச் சொன்னது. அந்தப் பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

பணியிடங்கள் நிரம்பட்டும். அதற்குக் காத்திராமல் கல்வியியல் கல்லூரிகள் ஒன்று செய்யலாம். இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி இருக்கிறது. அதில் நான்கு வாரத்தைச் சிறப்புப் பள்ளிக்கு ஒதுக்குங்கள். எம்.எட். மாணவர்களைப் பொது, சிறப்பு என்று பிரிக்காமல் ஒரு பருவமாவது ஒரே வகுப்பில் உட்கார வையுங்கள்.