14 மில்லிமீட்டர் மனிதர்

வீவக வீட்டில் உள்ள பாதுகாப்பு அறை போர்க்காலத்துக்கு என்று கட்டப்பட்டது. எல்லார் வீட்டிலும் அதன் கதி ஒன்றுதான். பயணப் பெட்டி, தீபாவளி விளக்குச் சரம், ஒரே ஒரு முறை கடற்கரைக்குப் போய்வந்த கூடாரம். சுவா சூ காங்கில் எங்கள் வீட்டு அறையில் இவற்றோடு ஒரு ரயில் பாதையும் இருந்தது. பழைய போர்வை சுற்றி, சுவரில் சாய்த்து, ஒன்பது ஆண்டுகளாக.

போன மாதம் அதை வெளியே இழுத்தேன். ஏதோ கனவு கண்டு எழுந்து இழுக்கவில்லை. மகளுக்குப் புதுக் கட்டில் வந்தது, பழையதை வைக்க இடம் வேண்டியிருந்தது. போர்வையைப் பிரித்ததும் அவள் கேட்டாள்: “இது எல்ஆர்டியாப்பா?”

இல்லை. இது மலாயா ரயில். சுவா சூ காங் ரோட்டை அது குறுக்கே கடந்த இடம். 2011 வரை தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாகக் கடற்பாலம் தாண்டி ஜொகூருக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. தண்டவாளம் மலேசியாவுடையது. அது வரும்போது சிங்கப்பூர்ச் சாலை நிற்கும். டென் மைல் ஜங்ஷன் பக்கம் கேட்டை மூடியதும் பேருந்து, லாரி, பென்ஸ் கார் எல்லாம் ஒரே வரிசையில் இன்ஜினை அணைத்துக்கொண்டு காத்திருக்கும். பின்னால் அங்கே வந்த எல்ஆர்டி நிலையமும் 2019 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. ஆக என் மகளிடம் காட்டி விளக்க அந்த இடத்தில் எனக்கு இப்போது எதுவுமே இல்லை. இந்தப் பலகைதான் உண்டு.

கட்டத் தொடங்கியது 2012இல். படிப்பு முடிந்த கையோடு, கையில் நேரம் இருந்த காலம். அப்போது போட்ட கணக்கு இன்னும் பலகையின் பின்புறம் பென்சிலில் இருக்கிறது. மலாயா ரயில் மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஜப்பானிய மாடல் ரயிலின் பாதை 9 மில்லிமீட்டர். 120இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 9 மில்லிமீட்டர் என்பது 1,080 ஆகிறது. 80 மில்லிமீட்டர் பொய். அந்த அளவுக்குப் பொய்யை என் மனசாட்சி தாங்கிக்கொண்டது. இந்தக் கணக்குப்படி தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரையான 24 கிலோமீட்டர் 200 மீட்டராகச் சுருங்கும். எங்கள் புளோக்கின் பொதுத்தாழ்வாரம்கூட அதற்குப் போதாது. என் பலகை 1.8 மீட்டர் நீளம், அதாவது நிஜத்தில் 216 மீட்டர். ஒரு கேட், இரு பக்கமும் கொஞ்சம் சாலை, கொஞ்சம் லாலாங் புல். அவ்வளவுதான் முடியும்.

ஒன்பது ஆண்டில் நம் ஊர் ஈரம் அதைச் சும்மா விடவில்லை. அட்டைக் கட்டடங்களின் கூரை உப்பி எழுந்துவிட்டது. ஒரு சுவரைக் கரப்பான் தின்றிருந்தது; பசைதான் ருசி போலும். தண்டவாளத்தில் கறுப்புப் படலம். மாடல் ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது, அதனால் அழுக்கு ஏறினால் வண்டி நகராது. சாராயம் தொட்ட துணியால் இரண்டு இரவு துடைத்தேன் (மருந்துக்கடைச் சாராயம்தான், மனைவி உறுதிசெய்துகொண்டார்). மோட்டாரில் போட்டிருந்த கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. சுரண்டி எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். 12 வோல்ட் கொடுத்தால் ஒரு முனகல். மறுபடி கொடுத்தேன். கிளம்பிவிட்டது! காலை நிகழ்ச்சிக்காக நான்கு மணிக்கு எழ வேண்டியவன் அன்று தூங்கும்போது ஒன்றரை.

புல் மட்டும் அப்படியே இருந்தது. அது தேக்கா மளிகைக் கடையில் வாங்கிய தேங்காய் நார். நறுக்கிப் பச்சை சாயம் ஏற்றியது. தண்டவாளத்தோர மண்ணுக்கு வடிகட்டிய தேயிலைத் தூளைக் காயவைத்துத் தூவியிருந்தேன். இந்த இரண்டுக்கும் இணையாக எந்த நாட்டுப் பொட்டலமும் கிடையாது என்பது என் கட்சி.

வண்டி ஓடியதும் சத்தம் வேண்டும் என்று தோன்றியது. வானொலிக்காரன் புத்தி. 2011 ஜூனில், பாதை மூடப்படப்போகும் கடைசி வாரங்களில், கல்லூரிப் பயிற்சி ஒன்றுக்காக அந்த கேட்டில் நின்று ஒலிப்பதிவு செய்திருந்தேன். அந்த மாதம் ஊரே கேமராவோடு தண்டவாளத்தில் நின்றது. ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிப் போனார். என் பலகைக்கும் அந்த நாளையே தேதியாக வைத்திருந்தேன்.

பயிற்சிக்குக் கொடுத்த ஒலிக்கோப்பு 40 விநாடி. ஹாரன், இன்ஜினின் உறுமல், பெட்டிகள் கடப்பது, அமைதி. நல்ல மதிப்பெண் வந்தது. இப்போது பழைய வன்தட்டில் வெட்டாத மூலப்பதிவு கிடைத்தது. காதணியில் போட்டேன். ஹாரனுக்கு முன்னால் ஓர் ஆண் குரல், தமிழில்:

“தம்பி, கொஞ்சம் பின்னால நில்லுங்க. காத்து இழுக்கும்.”

நான்தான் அதை வெட்டியிருக்கிறேன். “தேவையற்ற இரைச்சல்” என்று கோப்பின் பெயரிலேயே எழுதி ஒதுக்கி வைத்திருக்கிறேன். 21 வயதில் எனக்கு ரயில் சத்தம் சுத்தமாக வேண்டியிருந்தது. பின்னால் நகர்ந்து நின்றேனா, நன்றி சொன்னேனா, எதுவும் நினைவில்லை.

பலகையைத் திரும்பப் பார்த்தேன். அதில் ஒரு மனிதர்கூட இல்லை. ரயில் இருக்கிறது, கேட் இருக்கிறது, எச்சரிக்கைப் பலகை எழுத்துவரை சரியாக இருக்கிறது. இத்தனைக்கும் இந்தப் பாதையின் கதையில் நம்மவர்கள் ஓரமாக நின்றவர்கள் இல்லை. தண்டவாளம் பராமரித்த கூலிக் குழுக்களில் தமிழர்கள் ஏராளம். குவீன்ஸ்டவுன் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கிறது. அது 1930களில் தண்டவாளத்தோரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் கும்பிட்ட சிறு கோயிலாகத் தொடங்கியது. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். நிகழ்ச்சியில் பேசியும் இருக்கிறேன். வீட்டுப் பலகையில் நாலு வருடம் புல் நட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். என் சிறு வயதில் அவர் கிராஞ்சிப் பக்கம் சரக்கு வேன் ஓட்டினார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போய் அந்த கேட்டில் காத்திருந்ததுண்டு. குரலைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார்.

“அவரா இருக்கலாம்டா. சொல்ல முடியாது. எங்க காலத்துல ஒருத்தர் இருந்தாரு. கேட்டத் திறந்துட்டு எனக்கு மட்டும் தலைய ஆட்டுவாரு. நானும் ஆட்டுவேன். பத்து வருசம் இருக்கும்.”

“பேரு என்னப்பா?”

“கேட்டதே இல்ல.” கொஞ்ச நேரம் கழித்து, “நிறுத்திப் பேசுற இடமா அது? பின்னாடி ஹாரன் அடிப்பான்” என்றார்.

சரி, அவரைச் செய்துவிடுவது என்று உட்கார்ந்தேன். 120இல் ஒரு பங்கு அளவு அந்தக் காலத்துக் கிழக்கு ஜெர்மனியில் பரவிய அளவு. அதனால் அந்த அளவில் கிடைத்த பொம்மை மனிதர்கள் எல்லாரும் குளிருக்குக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கத்தியால் கோட்டைச் சீவிச் சட்டை ஆக்கினேன். தொப்பியை எடுத்தேன். 1.7 மீட்டர் ஆள், 14 மில்லிமீட்டர். முகத்துக்கு நாலு பழுப்பு கலந்து பார்த்தேன். கடைசியில் என் முன்கையை விளக்கின் கீழ் வைத்து அதைப் பார்த்துக் கலந்தேன். கையில் பச்சைக் கொடி, ஊசிக் கம்பியில் ஒட்டிய காகிதத் துணுக்கு.

பலகையின் தேதியையும் மாற்றிவிட்டேன். ஜூன் 30 வேண்டாம். 1990களில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கூட்டம் இல்லை, கேமரா இல்லை. வரிசையில் முதலாவதாக ஒரு வெள்ளை வேன்.

அவரை கேட் அருகே, வேனைப் பார்த்தபடி ஒட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“சட்டை சரி. ஆனா ஏன்டா எங்களப் பார்த்து நிக்குறாரு? ரயிலு வரும்போது அவரு அந்தப் பக்கம்தான் பார்ப்பாரு. நான் அவரு முதுகத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். ரயிலு போனப்புறம்தான் திரும்புவாரு.”

பசை இன்னும் காயவில்லை. இடுக்கியால் பிடித்து மெல்லத் திருப்பினேன்.