பனி பிடித்த சிலிண்டர்

தை முகூர்த்தம். பெரம்பலூர் துறைமங்கலத்தில் ஒரு மண்டபம். விடிகாலை நாலு மணிக்கு காபி தேடி சமையல்கட்டுக்குப் போனேன். இட்லிக் கொப்பரையின் அடியில் அடுப்பு மங்கி எரிந்தது. பக்கத்தில் 19 கிலோ சிலிண்டர். அதன் கீழ்ப்பாதியில் வெள்ளை வெளேரென்று பனி. மேல்பாதியில் பொட்டுகூட இல்லை.

“கேஸ் தீரல தம்பி, குளிர் எடுத்துக்கிச்சு” என்றார் மாஸ்டர். கையில் ஒரு குண்டான் கொதிநீர்.

“அண்ணே, ஊத்தாதீங்க!”

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக வெப்பம் வேண்டும். தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்புச் சுவரிடமிருந்து அதை உறிஞ்சுகிறது. மேலே உள்ள வாயுவுக்கு அவ்வளவு வேகமாக உறிஞ்சத் தெரியாது. அதனால்தான் ஒரே இரும்பில் இரண்டு குளிர். பனி எதுவரை நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவரைதான் திரவம்!

எரிவாயு ஆலைகளில் இதே சங்கதி உயிர்ப் பிரச்னை. தீப்பிடித்தால் கலனின் அழுத்தத்தை 15 நிமிடத்தில் பாதியாக்குவது ஒரு பழைய வழக்கம். அந்த அவசரத்தில் உள்ளே கடுங்குளிர் உண்டாகும். வாயு குளிர்வதால் பிறக்கும் திரவம் அடியில் தேங்கினால், அந்த இடத்துச் சுவர்தான் முதலில் சில்லிடும். சாதாரண எஃகு மைனஸ் 30 டிகிரி வாக்கில் நெளியாமல், பீங்கான் மாதிரி உடையக்கூடும். வாயு எவ்வளவு குளிரும் என்பதல்ல, சுவர் எவ்வளவு குளிரும் என்பதே கேள்வி. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரிச்சர்ட்சனும் சாவிலும் இதற்கென்றே ஒரு கணினிக் கணக்கு உருவாக்கி, நிஜக் கலன்களைக் காலிசெய்து சரிபார்த்தார்கள். குளிரைக் கூட்டிப் போட்டால் விலை உயர்ந்த எஃகு வாங்க வேண்டும். குறைத்துப் போட்டால் உயிர் போகும்.

ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு ஆலையில் 1998 செப்டம்பர் 25 அன்று போனது. சூடான எண்ணெய் வரத்து நின்றதால் ஒரு வெப்பப் பரிமாற்றி மைனஸ் 48 டிகிரி வரை குளிர்ந்தது. அதில் மறுபடி சூடான எண்ணெயை விட்டதும் இரும்பு விரிந்து உடைந்தது. 2 பேர் பலி, 8 பேருக்குக் காயம். விக்டோரியா மாநிலமே இரண்டு வாரங்களுக்கு மேல் கேஸ் இல்லாமல் தவித்தது.

நம் சமையல் சிலிண்டர் அவ்வளவு தூரம் குளிராது. அப்படி உடையவும் உடையாது. இங்கே பயம் வேறு. கொதிநீரோ பக்கத்து அடுப்பின் அனலோ பட்டால் உள்ளே அழுத்தம் எகிறும்.

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். குண்டானை இறக்கிவைத்தார். இன்னொரு சிலிண்டரை உருட்டிவரச் சொல்லி இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்தார். சுமை பாதியானதும் தீ நீலமாக எழும்பியது. கொதிநீரில் எனக்குக் காபி கிடைத்தது.