முதலில் வேலை; பிறகு பதவி!

தெருவில் ஒரு சங்கம் தொடங்குகிறார்கள். முதல் கூட்டத்திலேயே "தலைவர் யார்? செயலாளர் யார்?" என்று சண்டை வந்துவிடுகிறது. வேலை தொடங்கும் முன்பே பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்!

வேலை செய்து காட்டியவருக்கே பதவி என்று வைத்தால் என்ன? அப்படி நடக்கும் இடமும் இருக்கிறது.

ராயப்பேட்டை மணிக்கூண்டு பக்கம் நின்று பாருங்கள். போவோர் வருவோர் கையில் எல்லாம் செல்போன். அதில் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு போன்கள். அவற்றுக்கு அடிப்படை, "லினக்ஸ்" என்ற மென்பொருள்.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டு, தமது 21-வது வயதில் அதை எழுதினார். எழுதியதைப் பூட்டி வைக்கவில்லை. யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தார். பல நாட்டினர் சம்பளம் வாங்காமல் உழைத்தார்கள். இப்படிப்பட்டது "திறந்த மென்பொருள்".

தமிழர் ஒருவர்

"விக்கிபீடியா" என்ற இணையக் கலைக்களஞ்சியமும் திறந்த மென்பொருளில்தான் இயங்குகிறது. அதன் தமிழ்ப் பகுதி 2003-ம் ஆண்டு பிறந்தது. அப்போது பக்கத்தில் இருந்த பொத்தான்களும் அறிவிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன், அவற்றில் பெரும்பகுதியைத் தமிழாக்கினார். கட்டிடக் கலைஞரான அவர், அப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்து வந்தார். பிறகு ஆயிரக்கணக்கான கட்டுரைகளையும் எழுதினார். எல்லாம் சம்பளம் இல்லாத வேலை!

தமிழ் விக்கிபீடியாவை வளர்த்தவர்களில் முன்னோடி என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். அந்தப் பெயர் உழைப்பால் வந்தது.

ஏமாற்ற முடியாது

"உழைப்பவன் ஒருவன், பெயர் வாங்குபவன் இன்னொருவன். இதுதானே உலகம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கே அது எளிதல்ல. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும், திருத்தியவர் பெயரும் தேதியும் பதிவாகின்றன. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் சிறு வேலைக்கும் மதிப்பு உண்டு. நிர்வாகியாக ஒருவரை நியமிக்கும்போது, உடன் உழைப்பவர்கள் இந்தப் பதிவைப் பார்த்துத்தான் ஆதரவு தருகிறார்கள்.

பதவிக்கு வந்த பிறகும் நாவடக்கம் வேண்டும். டோர்வால்ட்ஸ் சக ஊழியர்களைக் கடுமையாகத் திட்டுவது வழக்கம். 2018-ம் ஆண்டு அதற்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கி இருந்தார். தொடங்கியவருக்கே இந்த நிலை!

நாமும் செய்யலாம்

இதற்குக் கம்ப்யூட்டர் கூட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நூலகம் திறந்தவர் யார், கணக்கு எழுதியவர் யார், திருவிழா முடிந்ததும் குப்பை அள்ளியவர் யார் என்று சங்கத்தில் எழுதி வையுங்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்.

ஓர் ஆண்டு கழித்துத் தேர்தல் நடத்துங்கள். தலைவர் யார் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்!