இரு தோட்டங்கள்

கொழும்பு மாநகரில் இருவகைத் தோட்டங்கள் உள. ஒன்று கறுவாத்தோட்டம். ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட அந்நிலம் ஆங்கிலேயர் ஆட்சியிலே செல்வர்தம் மாளிகைகளுக்கு இடமாயிற்று. அங்கே வீதியின் இரு மருங்கிலும் பெருமரங்கள் கவிந்து நிற்கின்றன. நண்பகலிலும் நிழல் உண்டு. மற்றவை, தொழிலாளர் நெருங்கி வாழும் குடியிருப்புகள். அவற்றையும் மக்கள் ‘தோட்டம்’ என்றே அழைக்கின்றனர். சிங்களத்தில் ‘வத்த’ என்பர். பெயரிலே தோட்டம், நிலத்திலே மரநிழல் அரிது. தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவிலே உமிழ்கின்றன.

இவ்வேறுபாடு இயற்கையின் செயலன்று. சொத்தைப் போலவே நிழலும் பங்கிடப்பட்டிருக்கிறது.

மரம் என்றதும் அழகைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் பலர். அழகை நாம் வெறுப்பவரல்லர். ஆயினும் மரம் உழைக்கிறது என்பதை மறந்துவிடலாகாது. வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக்குகையில் சுற்றுப்புறத்தின் வெப்பம் தணிகிறது. மின்கட்டணம் கேளாத குளிர்சாதனம் அது. 1984இல் றொஜர் உல்றிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்றவர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஒப்பிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டோர், செங்கற் சுவரைக் கண்டோரிலும் விரைவாக வீடு திரும்பினர். அவர்களுக்கு வலிமை மிக்க வலிநீக்கி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. சில நாட் சாளரம் நோயாளிக்கு இத்துணை உதவுமாயின், ஆண்டு முழுவதும் சுவரையே பார்த்து வளரும் குழந்தை இழப்பது எவ்வளவு?

மரத்துக்காவது வாதாடச் சிலர் உளர். புல்லுக்கு ஆளில்லை. கோரையும் காட்டுப்புல்லும் மண்டிய தாழ்நிலம், நிலவியாபாரியின் கணக்கில் வெறும் தரிசு. ஆனால் மழைவெள்ளத்தைத் தாங்கிக்கொள்வது அத்தரிசுதான். அதை மண்ணிட்டு மூடிய நகரத்தின் பாராளுமன்ற வளாகத்தையே 2010 நவம்பரில் வெள்ளம் சூழ்ந்தது. 2018இல் ராம்சார் சமவாயம் கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்தது. பெருமைதான், ஆனால் பட்டயம் மழைநீரை உறிஞ்சாது, புல்லும் சேறுமே உறிஞ்சும்.

‘மரம் ஆபத்தானது’ என்பர் சிலர். 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் வண்டி மீது மரம் வீழ்ந்து ஐவர் மாண்டனர். அவ்வுயிர்களைப் பொருட்படுத்தாத மரப்பற்று போலியானது. ஆனால் பாலம் ஒன்று இடிந்தால் ஏனைய பாலங்களைப் பரிசோதிப்போமா, தகர்ப்போமா? வேரை வெட்டிக் குழாய் பதித்து, அடிமரம் வரை கொங்கிறீற்று இட்டால் எந்த மரமும் தளரும். வேண்டுவது கோடரியன்று, பராமரிப்பு.

‘முதலில் வீடு, பின்னர் மரம்’ என்று நம் தோழர் சிலரும் கூறுவதுண்டு. வீட்டுக்கும் மரத்துக்கும் பகைமூட்டுவது யாருக்கு இலாபம்? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டவாசிகள் பலர் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களிடமிருந்து பெற்ற நிலத்தை வர்த்தகத்துக்கு விடுவிப்பதே அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. வீடும் நிழலும் ஒரே நிலத்தைப் பற்றிய ஒரே கேள்வி: நகரம் யாருக்குரியது?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! உங்கள் பாடசாலை வீதியின் மரங்களை எண்ணுங்கள். கறுவாத்தோட்டத்தின் மரங்களையும் எண்ணுங்கள். இரு தொகைகளையும் எடுத்துக்கொண்டு மாநகர சபைக்குச் செல்லுங்கள். முற்றத்தின் ஒரு மூலையிலே புல்லை வெட்டாது விடுங்கள். வண்ணத்துப்பூச்சி தானே வரும். நிழல் கருணையாகக் கிடைக்க வேண்டியதன்று. உரிமையாகப் பெற வேண்டியது.